மெஸ் பில்லைப் படிக்கத் தெரிந்தால் குழம்பின் ருசி புரியும்

கல்லூரி சேர்க்கைக்கு வரும் பெற்றோர் விடுதியைப் பற்றி வழக்கமாக இரண்டு கேள்வி கேட்பார்கள். ஒரு ரூமில் எத்தனை பேர்? சாப்பாடு எப்படி? முதல் கேள்விக்கு எண்ணில் பதில் வரும். இரண்டாவதற்கு "நல்லா இருக்குமுங்க" என்று வரும். சொன்னவர் பொய் சொல்லவில்லை, கேட்டவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

கேட்க வேண்டியது வேறு. மெஸ் டிவைடிங்கா (ஆன செலவை மாதாமாதம் வகுப்பது), ஃபிக்ஸடா (முன்பே பேசிய ஒரே தொகை)? சமைப்பது கல்லூரி ஆளா, கான்ட்ராக்டரா? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் வாரம் எத்தனை நாள் தக்காளிச் சட்னி வரும், ஞாயிறு ராத்திரி என்ன ஆகும், ஜனவரி மாத பில் ஏன் எகிறும் என்பதையெல்லாம் ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். மாஸ்டரின் கைப்பக்குவத்துக்கு அதில் இருக்கும் பங்கு நாம் நினைப்பதைவிடக் குறைவு.

கொங்கு வட்டாரத்தில் விடுதி வாழ்க்கை இவ்வளவு பெரிதானதற்கு ஒரு பின்னணி உண்டு. பழைய கல்லூரிகள் ஊருக்குள் அல்லது ஊரை ஒட்டி இருந்தன. சைதாப்பேட்டையில் 1868-ல் தொடங்கிய வேளாண் பள்ளி 1906-ல் கோவைக்கு வந்து கல்லூரியாக வளர்ந்து, 1971-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமானது. தடாகம் சாலையில் இப்போதிருக்கும் அரசு தொழில்நுட்பக் கல்லூரி 1945-ல் தொடங்கியது. பீளமேட்டில் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி 1951-ல் வந்தது. அதன்பின் 1980களின் நடுவில் சுயநிதிக் கல்லூரிகளுக்கு அரசு வழி திறந்துவிட்டது. பெருந்துறை, திருச்செங்கோடு, சத்தியமங்கலம், குமாரபாளையம் என்று ஊரை விட்டுத் தள்ளி, மானாவாரி நிலத்தில் வளாகங்கள் எழும்பின. சுற்றி ஒரு டீக்கடைகூட இல்லாத இடத்தில் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்றால் சோறும் உள்ளேயே போட்டாக வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் நிறையப் பேர் விடுதிக்கே வருவதில்லை. கோபியிலிருந்தும் பல்லடத்திலிருந்தும் காலை ஏழு மணிக்கே கல்லூரி பஸ் பிடித்துவிடுகிறார்கள். கையில் டிபன் பாக்ஸ். விடுதியை நிரப்புவது தேனி, ராமநாதபுரம், விழுப்புரம், தர்மபுரி, கேரளம், சில இடங்களில் பீகார், ஆந்திரம். கொங்கு நாட்டு விடுதியில் கொங்குச் சாப்பாடு கிடைப்பது ஏன் அரிது என்பதற்கு முதல் காரணம் இது. இரண்டாவது காரணம் சின்ன வெங்காயம். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. அரசுக் கல்லூரிகளிலும் உதவிபெறும் கல்லூரிகளிலும் பெரும்பாலும் டிவைடிங் முறைதான். மாதம் முழுக்க அரிசி, பருப்பு, காய், பால், கேஸ், சமையல் ஆள் சம்பளம் எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆனதோ, அதை அந்த மாதத்தின் மொத்த 'மெஸ் நாள்' எண்ணிக்கையால் வகுப்பார்கள். ஒரு மாணவர் ஒரு நாள் கணக்கில் இருந்தால் ஒரு மெஸ் நாள். வகுத்து வருவதுதான் ஒரு நாள் ரேட்.

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 800 பேர் இருக்கும் விடுதி, 30 நாள், ஒருவரும் ஊருக்குப் போகவில்லை. மெஸ் நாள் 24,000. செலவு 28,80,000 ரூபாய். ஒரு நாளைக்கு 120, மாதத்துக்கு 3,600. அடுத்த மாதம் பொங்கல்; கணக்கு எளிதாக இருக்க அதையும் 30 நாள் என்றே வைப்போம். 200 பேர் பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். மெஸ் நாள் 22,000 ஆகிவிடும். மளிகையும் காயும் குறையும், ஆனால் சம்பளமும் கேஸும் அந்த அளவுக்குக் குறையாது. செலவு 27,50,000-ல் நிற்கிறது என்று வையுங்கள். நாள் ரேட் 125. ஊருக்குப் போனவருக்கு 2,500. போகாமல் விடுதியிலேயே கிடந்தவருக்கு 3,750. "லீவு மாசத்துல பில் எப்படிங்க ஏறும்?" என்று வீட்டில் கேட்பார்கள். இப்படித்தான் ஏறும், யாரும் திருடவில்லை.

இந்த லீவு கழிவுக்கு மெஸ் ரிடக்‌ஷன் என்று பெயர். எல்லா லீவுக்கும் அது கிடைக்காது. சேர்ந்தாற்போல் இத்தனை நாள் போனால்தான், அதுவும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால்தான் என்று விதி வைத்திருப்பார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தாராபுரம் பஸ் ஏறி ஞாயிறு ராத்திரி திரும்புகிறவருக்கு ஒரு பைசா கழியாது. அவர் சாப்பிடாத சாப்பாடு என்ன ஆகிறது என்பதில்தான் டிவைடிங்குக்கும் ஃபிக்ஸடுக்கும் உள்ள வித்தியாசமே இருக்கிறது.

டிவைடிங் மெஸ்ஸில் சனிக்கிழமை கூட்டம் குறைந்தால் அரிசி குறைவாகப் போகும். மிச்சம் ஸ்டாக்கில் நிற்கும், மாதக் கடைசியில் எல்லோர் பில்லிலும் கொஞ்சம் குறையும். அதாவது வாராவாரம் ஊருக்குப் போகிறவர், போகாதவரின் பில்லுக்குக் கை கொடுக்கிறார். சுயநிதிக் கல்லூரிகளில் பரவலாக இருப்பது ஃபிக்ஸட் முறை: வருடத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கட்டிவிடுவது. அங்கே அந்த மிச்சம் மாணவருக்குத் திரும்பாது. கான்ட்ராக்டர் இருந்தால் அவருக்கு, இல்லாவிட்டால் கல்லூரிக்கு. சனி, ஞாயிறு பாதிக் கூட்டம்தான் வரும் என்று கான்ட்ராக்டருக்கு நன்றாகத் தெரியும். பாதிக்குச் சமைப்பார், முழுசுக்குப் பணம் வாங்குவார். டெண்டரில் குறைந்த ரேட் கேட்டு எடுத்தவர் எப்படிக் கட்டுப்படி ஆக்குகிறார் என்று யாராவது ஆச்சரியப்பட்டால் இது ஒரு பதில்.

அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. விலை ஏறினால் அடி அவருக்குத்தான். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. ரேஷன் கடையில் வைத்து அரசே விற்கிற அளவுக்குப் போனது. நாள் ரேட் மட்டும் வருடத் தொடக்கத்தில் பேசியதுதான். அந்த மாதிரி மாதத்தில் ஃபிக்ஸட் மெஸ்ஸில் தக்காளிச் சட்னி காணாமல் போகும், ரசத்தில் புளி தூக்கலாக இருக்கும். டிவைடிங் மெஸ்ஸில் சட்னி வந்துகொண்டே இருக்கும், பில் ஏறும். விலையேற்றத்தைத் தட்டில் வாங்குவதா, பில்லில் வாங்குவதா என்பதுதான் தேர்வு. தேங்காய்க்கும் இதே கதைதான். பொள்ளாச்சியில் தேங்காய் ஏறினால் சட்னியில் பொட்டுக்கடலை ஏறும்.

கான்ட்ராக்டர் என்றால் வரியும் ஒன்று உண்டு. கல்லூரி தானே சமையல் கூடம் நடத்தித் தன் மாணவர்களுக்குப் போட்டால் ஜிஎஸ்டி கிடையாது. வெளியாள் சமைத்துக் கொடுத்தால், அவர் கல்லூரிக்குப் போடும் பில்லில் 5 சதவீதம் சேரும். பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பள்ளிகளுக்கு இதில் விலக்கு, கல்லூரிகளுக்கு இல்லை. அந்த ஐந்து சதவீதம் கடைசியில் யார் தலையில் விடியும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு டிவைடிங் முறைதான் பிடிக்கும். காரணம் பில் அல்ல, மெஸ் ரெப், அதாவது மெஸ்ஸைக் கவனிக்கும் மாணவர் பிரதிநிதி. டிவைடிங் நடக்கும் பல இடங்களில் மாணவர்களே மாதம் மாற்றி மாதம் பொறுப்பெடுத்து, ஸ்டாக் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு, விடிகாலையில் சூப்பர்வைசருடன் மார்க்கெட்டுக்கும் போவார்கள். மேட்டுப்பாளையம் சாலை எம்.ஜி.ஆர். மார்க்கெட்டில் கத்தரிக்காய் மூட்டையைப் பிரித்து அடியில் கை விட்டுப் பார்க்கப் பழகுவது, பத்தொன்பது வயதில் வேறெங்கும் கிடைக்காத படிப்பு. மேலாக அடுக்கியிருப்பது பளபளவென்று இருக்கும், சொத்தை கீழேதான் இருக்கும். அந்த மாதம் பன்னீரும் குலாப் ஜாமூனும் போட்டு நல்ல பெயர் வாங்கிய ரெப்பை, அடுத்த மாதம் ஐந்தாம் தேதி பில் ஒட்டியதும் அதே பசங்க திட்டுவார்கள். ஃபிக்ஸட் மெஸ்ஸிலும் மெஸ் கமிட்டி என்று ஒன்று இருக்கும். அங்கே மெனுவைப் பற்றிப் பேசலாம், பணத்தைப் பற்றிப் பேச முடியாது.

சமையல் கூடத்துக்குள் போவோம். ஆயிரம் பேருக்குத் தலைக்கு நாலு இட்லி என்றால் நாலாயிரம். முந்தின நாளே டில்டிங் கிரைண்டர் ஓடி, மாவு பெரிய டிரம்களில் புளிக்கும். கிரைண்டர் விஷயத்தில் இந்த ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மின்சார வெட் கிரைண்டரே 1955-ல் கோவையில் பி. சபாபதி செய்தது, கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் உண்டு. அதனால்தானோ என்னவோ, எவ்வளவு மோசமான மெஸ்ஸிலும் இட்லி ஓரளவு தேறிவிடுகிறது. தோசைதான் சிக்கல். இட்லியை இருநூறு முந்நூறு என்று தட்டுத் தட்டாக வேக வைக்கலாம். தோசையை ஒவ்வொன்றாகத்தான் ஊற்ற வேண்டும். தோசை நாளில் வரிசை வராந்தா வரைக்கும் நிற்பதற்கும், எட்டரை மணி வகுப்புக்குப் பாதிப் பேர் பிரெட்டோடு ஓடுவதற்கும் காரணம் அதுதான்.

சாம்பார் ஏன் எந்த விடுதிக்குப் போனாலும் ஒரே ருசியில் இருக்கிறது? பெரிய மெஸ்களில் பாய்லரில் இருந்து நீராவி விட்டுச் சமைக்கிறார்கள். நீராவி விட்ட அண்டாவில் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். பருப்பு வேகும், காய் வேகும், வெங்காயமும் வேகும், ஆனால் சிவக்காது. எண்ணெயில் வதங்கிச் சிவக்க 140 டிகிரிக்கு மேல் போக வேண்டும். வீட்டில் சட்டியில் வதக்கும்போது வரும் வாசனை முழுக்க அந்தச் சிவப்பில்தான் இருக்கிறது. மெஸ்ஸில் தாளிப்பை மட்டும் தனியாக ஒரு வாணலியில் செய்து, ஐந்நூறு லிட்டர் சாம்பாரின் தலையில் கொட்டிக் கிளறிவிடுவார்கள். முதலில் வந்தவனுக்குக் கடுகும் கறிவேப்பிலையும் கிடைக்கும். கடைசியில் வந்தவனுக்கு மஞ்சள் தண்ணீர். மாஸ்டரை மாற்றினாலும் இது மாறாது.

இப்போது சின்ன வெங்காயம். கொங்குச் சமையலின் உயிர் அதில்தான். அரிசிம்பருப்பு (அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைக்கும் சாதம்), கொள்ளுப் பருப்பு, வறுத்தரைத்த குழம்பு, தேங்காய்ச் சில்லும் வரமிளகாயும் போட்ட பள்ளிபாளையம் கோழி, எல்லாவற்றுக்கும் உரித்த சின்ன வெங்காயம் கை நிறைய வேண்டும். எண்ணூறு பேருக்கு இருபது, முப்பது கிலோவாவது ஆகும். அதை உரிக்க நாலைந்து அக்காமார் ஒரு காலைப்பொழுது முழுக்க உட்கார வேண்டும். பெரிய வெங்காயம் என்றால் மெஷினில் போட்டால் நிமிஷத்தில் முடிந்தது. விலையைவிடக் கூலிதான் இங்கே தீர்மானிக்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனிகளோடும் பெருந்துறை சிப்காட்டோடும் ஆளுக்குப் போட்டி போடும் ஊரில், வெங்காயம் உரிக்கத் தனி ஆள் வைக்க எந்த மெஸ்ஸும் யோசிக்கும். மெனுவில் 'பள்ளிபாளையம்' என்று எழுதியிருக்கும், தட்டில் கோழி குழம்பில் நீந்தும். இடியாப்பம் மாதிரிப் பிழியும் சந்தகை பற்றிக் கேட்கவே வேண்டாம். அதை எண்ணூறு பேருக்குப் பிழிய ஒரு குஸ்தி அணி வேண்டும்.

அரிசிம்பருப்பு மட்டும் சில இடங்களில் ராத்திரிச் சாப்பாட்டில் தலைகாட்டும். ஒரே அண்டாவில் முடிகிற வேலை, செலவும் குறைவு. ஈரோட்டுப் பையன் நெய் பாட்டிலைத் தேடி ரூமுக்கு ஓடுவான். ராமநாதபுரத்துப் பையன் "என்னடா இது, பொங்கல்ல மஞ்சள் போட்டு வச்சிருக்காங்க" என்பான். கொள்ளு வைத்தால் சூடு என்று வெளியூர்க்காரர்கள் ஒதுக்குவார்கள். எல்லா ஊர்க்காரரும் குறை சொல்லாத சாப்பாடு எது என்று தேடித் தேடி வடிகட்டினால் மிஞ்சுவது சாம்பார், ரசம், பொரியல், சப்பாத்தி, குருமா. விடுதி மெனு எந்த ஊருக்கும் சொந்தமில்லாமல் போவது அப்படித்தான்.

முட்டையில் மட்டும் கொங்கு நாட்டு விடுதிக்கு அதிர்ஷ்டம். நாமக்கல் பக்கத்திலேயே இருக்கிறது. மலிவான புரதம் வாரம் சில நாளாவது தட்டுக்கு வந்துவிடும். புரட்டாசியில் ஊரே கவிச்சி விடுவதால் முட்டை விலை இறங்கும், மார்கழிக் குளிரில் ஏறும். நல்ல ரெப் இதைக் கவனித்து மெனு போடுவார். சில வளாகங்களில் நிர்வாகத்தின் கொள்கைப்படி சைவம் மட்டும்தான். சேரும் முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது; அங்கே முட்டை வேண்டும் என்றால் கேட்டுக்கு வெளியே தள்ளுவண்டிதான்.

தள்ளுவண்டி என்றதும் காளான் ஞாபகம் வராமல் இருக்காது. கோவை, திருப்பூர், ஈரோட்டு ரோட்டுக்கடைக் காளானில் முக்கால்வாசி முட்டைக்கோஸ்தான் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் சாயங்காலம் ஆறு மணிக்குக் கூட்டம் மொய்க்கும். ஆனால் அந்தக் கூட்டத்தில் பெண்கள் விடுதிப் பிள்ளைகளைப் பார்ப்பது கஷ்டம். பல இடங்களில் அவர்கள் ஆறரை, ஏழு மணிக்குள் உள்ளே இருந்தாக வேண்டும்; பையன்களுக்கு அதைவிட ஒன்றிரண்டு மணி நேரம் கூடுதல். இதைக் கட்டுப்பாடு, சுதந்திரம் என்றே பேசுகிறோம். சாப்பாட்டுக் கணக்காகவும் பேசலாம். ஏழரைக்கு மெஸ்ஸில் பிடிக்காத உப்புமா வந்தால் பையன் வெளியே போய் பரோட்டா சாப்பிட்டுவிடுவான். பெண் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிப்பாள். ஒரே மெஸ் கட்டணம், ஒரே மெனு. வயிறு நிறைவது மட்டும் ஒரே மாதிரி இல்லை. வளாகத்துக்குள் ராத்திரி கேன்டீன் இருக்கிறதா, டெலிவரிக்காரரை கேட் வரைக்குமாவது விடுகிறார்களா என்பது பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள் கேட்டே ஆக வேண்டிய கேள்வி.

பிஸ்கட்டுக்கு அடுத்த படி கெட்டில். நூடுல்ஸ், முட்டை, சுக்குக் காப்பி எல்லாம் அதில்தான். வார்டன்கள் அதைப் பறிமுதல் செய்வதற்கு வெறும் கண்டிப்பு மட்டும் காரணமில்லை. ஒரு கெட்டில் 1,500 வாட் இழுக்கும். ஒரு வராந்தாவில் இருபது ரூமிலும் ஒரே நேரத்தில் போட்டால் 30 கிலோவாட். ஃபேனும் லைட்டும் மட்டும் ஓடும் என்று நினைத்து இழுத்த வயர் அதைத் தாங்காது. இதற்கு மாடிக்கு ஒரு பொது அடுப்பறை வைத்தால் முடிந்தது. அதைச் செய்யும் விடுதிகள் குறைவு.

அரசு நடத்தும் மாணவர் விடுதிகள் தனி உலகம். ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் நலத்துறைகளின் விடுதிகளில் தங்கவும் சாப்பிடவும் பணம் கட்ட வேண்டியதில்லை. 2025 ஜூலையில் இவற்றுக்கெல்லாம் 'சமூகநீதி விடுதிகள்' என்று பெயர் மாற்றினார்கள். கல்லூரி மாணவர் ஒருவருக்கு மாத உணவுப்படி 1,100 ரூபாயாக இருந்தது. 2023-ல் அதை 1,500 ஆக்கினார்கள். முப்பதால் வகுத்தால் நாளைக்கு 50 ரூபாய், மூன்று வேளைக்கு. நகரத்தில் ஒரு அளவுச் சாப்பாட்டுக்கே அதைவிட அதிகம் ஆகும். அந்தக் காசில் வாரம் ஒரு முறை கோழியும் முட்டையும் கண்ணில் காட்டும் சமையலரை மட்டமாகப் பேச எனக்கு மனம் வராது. கிராமத்திலிருந்து வந்து முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்கிய நிறையப் பேரை இந்த விடுதிகள்தான் சோறு போட்டு வளர்த்தன. உணவுப்படியை நான்கைந்து வருடத்துக்கு ஒரு முறை அறிவிப்பாக ஏற்றாமல், விலைவாசியோடு சேர்த்து ஏற்றினால் என்ன என்பது மட்டும் கேட்க வேண்டிய கேள்வி.

அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் மாதிரியான தொழிற்கல்விக்கு வந்தவர்களுக்கு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2021-ல் அறிவித்தார்கள். சேர்க்கையின்போது இதை எழுத்தில் உறுதி செய்துகொள்வது நல்லது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் 2022-லிருந்து வருகிறது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வனை 2024 ஆகஸ்டில் கோவை அரசு கலைக் கல்லூரியில்தான் தொடங்கி வைத்தார்கள். அந்த ஆயிரம் புத்தகத்துக்குப் போகிறதா, சாயங்கால பஜ்ஜிக்குப் போகிறதா என்று யாரும் கணக்குக் கேட்பதில்லை, கேட்கவும் வேண்டாம்.

விடுதி பிடிக்காமல் இரண்டாம் வருடம் வெளியே பி.ஜி. (பேயிங் கெஸ்ட்டாகத் தங்கும் தனியார் விடுதி) பார்க்கிறவர்கள் பீளமேட்டிலும் சரவணம்பட்டியிலும் நிறைய. அங்கேயும் சில விஷயம் தெரிந்திருக்க வேண்டும். தலைக்கு மாதம் 20,000 ரூபாய்க்குள் வாடகை, தொடர்ந்து 90 நாளாவது தங்குவது என்றால் தங்கும் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது என்று 2024 ஜூனில் ஜிஎஸ்டி கவுன்சில் முடிவெடுத்தது. "டேக்ஸ் தனிங்க" என்று சொல்லும் உரிமையாளரிடம் இதைச் சொல்லலாம். பெண்கள் விடுதி நடத்த 2014-ம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும்; எண்ணைக் கேட்டால் நேர்மையாக நடத்துபவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கடைசியாக மெஸ் அட்வான்ஸ். முதல் வருடம் சேரும்போது வாங்குகிற இந்தத் தொகை கட்டணம் அல்ல, முன்பணம். மாத பில் கட்டத் தவறினால் அதில் பிடித்துக்கொள்வார்கள், மிச்சம் படிப்பு முடிந்ததும் திரும்ப வர வேண்டும். பலர், பாக்கி இல்லை என்று காட்டும் நோ டியூ படிவத்தில் கையெழுத்து வாங்கும் அவசரத்தில் இதைக் கேட்காமலே வந்துவிடுகிறார்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். எந்தக் கணக்குக்குப் பணம் போக வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். மாணவரின் பழைய பேங்க் கணக்கு பயன்படாமல் முடங்கியிருந்தால் அதையும் டி.சி. வாங்கும் முன் சரிபார்த்துவிடுங்கள். அதற்கப்புறம் கோவைக்கு இன்னொரு முறை வந்துபோகும் பஸ் செலவு உங்களுடையது.